தண்டின் இயல்பு

வேலந்தாவளம் சோதனைச்சாவடி,
எடைமேடை தாண்டி முந்நூறடி மேற்கே.
ஒரு மீட்டர் மரச்சட்டத்தைத் தரையில் போட்டு
உள்ளே முளைத்ததையெல்லாம் எண்ணுகிறோம்,
நானும் சித்தூர் அம்பிளியும்.

படிவத்தில் ஏழாவது கட்டம்: தண்டின் இயல்பு.
இரண்டு மொழியிலும் நிரப்ப வேண்டும்.
தமிழ் எனக்கு. மலையாளம் அவளுக்கு.

நிமிர்ந்தது, இது எளிது.
ஊசிப்புல் நிற்கிறது, எழுதிவிட்டேன்.
படர்வது, அருகு.
அதன் காலுக்கு ஓடுதண்டு என்று பெயர்,
ஓடுகிற ஒன்றை
இடது கைச் சுண்டுவிரலால் அமுக்கிக்கொண்டு எழுதினேன்.
கோரையின் தாளை அம்பிளி உருட்டிப் பார்த்தாள்.
மூன்று பட்டை விரலில் இடறியது.
இது புல்லே இல்லை என்றாள்.
சட்டத்துக்குள் முளைத்தும்
கணக்கில் சேராமல் நின்றது கோரை,
லாரி போகும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டு.

அப்புறம் கொழுக்கட்டைப்புல்.
அடியில் கிடக்கிறது,
இரண்டாம் கணுவில் மனம் மாறி எழுகிறது.
கிடக்கிறது என்றால் பொய்,
நிற்கிறது என்றாலும் பொய்.
சாய்ந்தெழுவது என்று போடலாமா?
எந்த இடத்தில் எழுந்தது என்பது
அந்தச் சொல்லில் இல்லையே என்றாள்.
லத்தீனில் இதற்கு முழங்கால்.
முழங்கால் மடித்தது என்றால்
ஆரம்பப் பள்ளியில் தண்டனை.
மண்டியிட்டது என்றால் தோற்றுப்போனது.
இது இரண்டுமில்லை,
காற்றில் பூத்துக்கொண்டிருக்கிறது.

அவள் ஊரில் கணுவுக்கு முட்டு என்று பெயர்,
முழங்காலுக்கும் அதே முட்டு.
ஒரே சொல்லில் முடிந்துவிட்டது அவள் வேலை.
எனக்குக் கணு நழுவி
எப்போதோ கணுக்காலில் போய் நின்றுவிட்டது.
இங்கிருந்து பத்தடி அந்தப் பக்கம் போனால் போதும்,
புல்லின் மூட்டு
இரண்டு சாண் உயர்ந்துவிடும்.

என்ன தொலைந்துபோச்சு என்று கேட்டபடி
சாவடிக் காவலர் வந்தார்.
ஒரு சொல், என்றாள் அம்பிளி.
அவரும் சிறிது நேரம்
சட்டத்தைச் சுற்றிக் குனிந்து தேடினார்.

ஆடிக் காற்று கணவாய் வழியே வந்து
எல்லாத் தாளையும் கோயம்புத்தூர்ப் பக்கம் சாய்க்கும்.
மார்கழியில் திருப்பிச் சாய்க்கும்.
இது ஐப்பசி,
காற்று யோசித்துக்கொண்டிருக்கிறது.
சாய்ந்திருந்த ஒரு கணுவைப்
பிளேடால் நெடுக்கப் பிளந்து லென்ஸில் பார்த்தேன்.
வானம் பார்த்த பக்கம் அப்படியே இருந்தது.
மண்ணைப் பார்த்த பக்கம் நீண்டிருந்தது.
அடிப்பக்கம் வளர்ந்துதான்
மேலே தள்ளியிருக்கிறது, உடம்பு மொத்தத்தையும்.
கணுவிடையில் ஒரு வளைவும் இல்லை,
அங்கே வளைந்தால் அதற்கு ஒடிசல் என்று பெயர்.

மாசியில் கொழிஞ்சாம்பாறை வளைவில்
ஸ்கூட்டரோடு விழுந்தவள் அம்பிளி.
வலது காலை நீட்டித்தான் உட்காருகிறாள்.
எழும்போது
ஒரு கை தரையில்,
பிறகு இடது முட்டு,
பிறகு யாரிடமோ கோபித்துக்கொண்டதுபோல் ஒரு மூச்சு.
நான் கை நீட்டவில்லை.
ஒருமுறை நீட்டித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

வைக்கோல் லாரி எடைமேடையில் ஏறியது.
பக்கவாட்டில் பிதுங்கிய தாள்களில்
அங்கங்கே அந்த மடிப்பு,
சாய்ந்த வயலில் அறுத்தது போல.
நிமிர்ந்த பிறகும் போகாது,
காய்ந்த பிறகும் போகாது.
ஒன்பது டன் என்று கத்தினார்கள் உள்ளேயிருந்து.

ஏழாவது கட்டத்தில் எழுதினேன்:
விழுந்த கணுவில் எழுந்தது.
கட்டம் சின்னது.
கடைசி இரண்டு எழுத்து கோட்டைத் தாண்டி
மலையாளத்துக்குள் போய்விட்டன.
அம்பிளி பார்த்தாள்.
தன் முட்டைக் கொஞ்சம் தள்ளி எழுதிக்கொண்டாள்.