நான்காவது வரி

பலகை வந்து இறங்கிய அன்று துவாஸில் மழை.
ஆங்கிலம், சீனம், மலாய்.
நான்காவது வரியில் தமிழ்.
தமிழ் என்றுதான் சொல்ல வேண்டும்.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
புள்ளிகள் எழுத்தை விட்டு இறங்கித் தனியே நின்றன.
‘நடுநிலை ஒளி உள்ளே ஆபத்து செல்க’
என்று படித்து முடிக்க
எனக்கே ஒரு நிமிடம் ஆனது.

“திருத்திக் கொடு தமயந்தி, நாளைக்குள்,”
என்றார் ஸுல்கிஃப்லி.
என்னை வேலைக்கு எடுத்தது
கான்கிரீட்டின் சூடு பார்க்க.
தமிழ் தெரியும் என்று
விண்ணப்பத்தில் எழுதியது என் தப்பு.

நியூட்ரான் என்று எழுதலாம்.
அகராதியில் நொதுமி என்று இருந்தது.
நொதுமல்: பகையும் இல்லை, உறவும் இல்லை.
அப்படித்தான் அதுவும்.
கூட்டல் கழித்தல் எதுவும் சுமக்காமல்
ஈயத்தின் ஊடே
யாரையும் விசாரிக்காமல் போய்க்கொண்டிருக்கும்.
தண்ணீரிடம் மட்டும் மாட்டிக்கொள்ளும்.
தன் எடையே உள்ள ஹைட்ரஜனில் மோதினால்
கோலி கோலியை அடித்த மாதிரி
அது ஓட, இது நின்றுவிடும்.
இவ்வளவும் ஒரு சொல்லுக்குள் இருக்கிறதே என்று
நொதுமி என்றே எழுதி
பலகைமேல் ஒட்டிப் பார்த்தேன்.

வெல்டர் அழகுமலை முகமூடியைத் தூக்கிவிட்டு
எழுத்துக்கூட்டிப் படித்தான்.
“நொதுமின்னா என்னக்கா, கொசு மாதிரியா?”
கண்ணுக்குத் தெரியாது, என்றேன்.
கடித்தாலும் தெரியாது.
“அப்போ கொசுவே தேவலை.”

அன்றைக்கே கிழித்தேன்.
நியூட்ரான் கதிர். சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே வராதீர்.
ஓடுகிறவன் படிக்க வேண்டிய வரி அது.

சுவர் நாலு மீட்டர் கனம்.
காந்தக்கல் உடைத்துப் போட்ட கான்கிரீட்,
தண்ணீருக்குப் பாதி ஐஸ்.
பகலில் ஊற்றினால் உள்ளே வெந்துவிடும் என்று
ராத்திரி பதினொன்றுக்குத்தான் லாரிகள் வரும்.
வயர் முனையில் நான் சூட்டைப் படிப்பேன்:
அறுபத்தாறு. அறுபத்தேழு.
எழுபதைத் தொட்டால் எல்லோரையும் எழுப்ப வேண்டும்.
அறுபத்தொன்பதில் ஒரு மணி நேரம் நின்றது.
நானும் நின்றேன்.

டங்ஸ்டன் சக்கரம் ஐரோப்பாவிலிருந்து,
காந்தங்கள் பூசானிலிருந்து,
பணம் பதினோரு நாடுகளிலிருந்து;
இதுவரை வந்தது எட்டு.
நிலம் மட்டும் எங்களுடையது,
அதுவும் கடலைத் தூர்த்து வாங்கியது.
தரை ஒரு முடியளவும் அசையக்கூடாது என்பார் ஹிரானோ.
துறைமுகத்தில் கிரேன் ஒவ்வொரு பெட்டியாக இறக்கும்போதும்
தன் கோப்பிக் கோப்பையை
உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான்கு வருஷம் கழித்து முதல் கற்றை.
சோதனைக்கு ஏதாவது இரும்பு வேண்டும்.
தண்ணீர்த் தொட்டிக்கு வெல்டிங் செய்தபோது
மாதிரிக்கு வெட்டி வைத்த துண்டு ஒன்று
என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்கக் கிடந்தது.
அதை வைத்தோம்.

அறுக்கவில்லை, சுரண்டவில்லை.
நாற்பது மில்லிமீட்டர் உருக்கின் உள்ளே போய்
அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே
இடைவெளி எவ்வளவு என்று அளந்துவிட்டு வந்தது.
திரையில் நீலம், நீலம்,
ஒரே ஓர் இடத்தில் சிவப்பு.
“இங்கே என்ன நடந்தது?” என்றார் ஹிரானோ.

துண்டின் முதுகில் சாக்பீஸால் தேதி இருந்தது.
என் குறிப்பேட்டிலும் அதே தேதி:
மூன்று இருபதுக்கு இடி எச்சரிக்கை, சைரன்,
எல்லோரும் கூடாரத்துக்குள்.
அரை வெல்டிங்கில் எழுந்து ஓடினான் அழகுமலை.
நாற்பது நிமிடம்.
உளுந்து வடையில் எனக்குப் பாதி தந்தான்,
மகளுக்குப் பல் விழுந்த படத்தைக் காட்டினான்.
வெளியே இரும்பு அதுபாட்டுக்கு ஆறிக்கொண்டிருந்தது.

அவன் இப்போது ஜுபைலில்.
படத்தை அனுப்பினேன்.
“சிவப்பா இருக்கே, தாங்குமாக்கா?”
தாங்கும். வரம்புக்குள்தான் இருக்கிறது.
“அன்னிக்கு அந்த வடைல உப்பு ஜாஸ்தி,” என்றான்.

அறிக்கையில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம்.
வானிலை
என்று நிரப்பிவிட்டு
அடுத்த துண்டை எடுத்து வைத்தேன்.