அரைத்துண்டு ஸ்பாஞ்சு

வேலந்தாவளம் சோதனைச் சாவடியில்
கலால்காரர் வாளிக்குள் குனிந்து
சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
எந்தா இது?
அழுக்கு சார், என்றேன்.
கொழிஞ்சாம்பாறை போய்
அழுக்கு வாங்கி வருகிறவளை
அவர் பார்த்ததில்லை போலும்.
மூடி ஏன் போடலை, என்றார் தமிழுக்கு மாறி.
போட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும்.
எது?
அதைக் காட்டத்தான் எனக்கும் வழியில்லை.

வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது.
மாங்காய் வாசம் போகாத ஊறுகாய்க் கம்பெனி டிரம்,
அடியில் பாட்டில் பிரஷ்கள்,
மேலே நான் உட்கார்ந்து உடைத்த ஓட்டுச் சில்லு,
நாற்பது வாட் மோட்டார்.
தண்ணீர் ஏறி, இறங்கி,
அடித்தரை தெரியத் தெளிந்தது.
அந்தத் தெளிவில்தான்
நான்கு கெண்டைகள் ஒருக்களித்து மிதந்தன.
சோதனைக் குழாயில் பச்சை.
மஞ்சளாக இருக்க வேண்டியது.

வீடு கட்டிட்டீங்க, குடி வரலையே
என்று சிரித்த சசீந்திரன்
தன் பழைய வடிகட்டியிலிருந்து
பழுப்பேறிய ஸ்பாஞ்சை உருவி
பாதியாக அறுத்துக் கொடுத்தார்.
காசு வாங்கவில்லை.
குழாய்த் தண்ணீர்ல மட்டும் அலசிடாதீங்க,
பிளீச்சிங் பவுடர் மொத்தத்தையும் கொன்னுடும்.

ஏழாம் நாள் பச்சை.
பதினோராம் நாள் அதே பச்சை,
அல்லது கொஞ்சம் வெளிறியிருந்தது,
அல்லது என் ஆசை.
திருமலைசாமி ஒன்றும் சொல்லவில்லை,
மின்கட்டண அட்டையை
மோட்டார் மேல் வைத்துவிட்டுப் போனார்.
பத்தொன்பதாம் நாள் விடியலில்
எலுமிச்சைத் தோல் மஞ்சள்.
யாரையும் எழுப்பவில்லை.
மீதி மூன்று மீன்களுக்கு
ஆளுக்கு நாலு உருண்டை கூடுதலாகப் போட்டேன்.
அது தப்பு என்று பிறகுதான் உறைத்தது.

ஆடிக் காற்றில் கம்பம் சாய்ந்து
அந்தப் பக்கம் இரண்டு நாள் கரண்ட் இல்லை.
மூன்றாம் நாள் சசீந்திரன் கூப்பிட்டார்.
தொட்டி நாறிப்போச்சு.
என் அழுக்கு உங்ககிட்ட இருக்கா?

டிரம்மைத் திறந்தேன்.
வழுவழுவென்று கனத்துக் கிடந்தது.
அவர் கொடுத்தது எது, இங்கே பெருகியது எது,
பிரிக்க முடியாது.
ரொட்டிக் கத்தியால் நடுவில் அறுத்து
குளத்துத் தண்ணீரிலேயே வாளியில் நனைத்தேன்.

சாவடியில் அதே கலால்காரர்.
தூரத்திலேயே வாளியைப் பார்த்து
மூக்கைப் பொத்திக்கொண்டு
இன்னொரு கையை ஆட்டினார்,
போ, போ.