ஹீட்டர் வால்வு, முந்நூற்று நாற்பது ரூபாய்

கஷ்மீரி கேட்டில் மூன்றாவது கடைக்காரர்
என் கைபேசிப் படத்தை விரலால் பெருக்கிப் பார்த்தார்.
ஜென்னா, எந்த வருஷம்?
சொன்னேன்.
அடுத்த அக்டோபரில் வண்டியையே எடைக்குப் போடணுமே மேடம்,
அதற்கு எதற்கு இது?
நடுவில் ஒரு தை இருக்கிறதே என்று சொல்ல வந்து
இந்தியில் தைக்கு என்ன என்று தெரியாமல்
ஜனவரி என்றேன்.
நானூறு என்றார்.

ஞாயிறு, மயூர் விஹார், எட்டரை மணி.
பனியில் எதிர் பிளாக் இல்லை.
ஐந்து குளிர்காலமாக
ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் பழந்துணி,
கண்ணாடியில் படியும் என் மூச்சை நானே துடைத்துத் துடைத்து
ஆறு மணி ஷிஃப்டுக்குப் போயிருக்கிறேன்.
நீலத்திலிருந்து சிவப்புக்கு
லீவர் தள்ளினால் தள்ளும்.
சிவப்பு அங்கே வெறும் நிறம்.

ரத்தம் எடுப்பது என் வேலை.
ஒரு நாளைக்கு நூறு முழங்கை.
பார்க்காமலே தடவி நரம்பைச் சொல்வேன்.
அந்தத் திமிரில்தான் இறங்கினேன்:
இரண்டு ரப்பர் குழாய், இரண்டு கிளாம்ப், ஒரு கேபிள்.
பதினான்கு வருஷப் பிடியைக் குழாய் விடுவதாயில்லை.
திருகினேன். கொதிநீர் ஊற்றினேன்.
கெட்ட வார்த்தை சொன்னேன், தமிழில்.
மாடியில் துணி உதறிய மிஸஸ் பல்லா
மந்திரமென்று நினைத்திருக்கலாம்.

சட்டென்று கழன்றது.
கூடவே பச்சை நீர்
மணிக்கட்டு வழியே ஸ்வெட்டர் கைக்குள்.
வைத்த பேசின் ஒரு சாண் தள்ளியிருந்தது.
மிச்சமெல்லாம் தரையில்,
பிசுபிசுவென்று, தித்திப்பு வாசனையோடு.

அப்போதுதான் பூரி வந்தாள்.
தின்கிற பூரி இல்லை,
பழுப்பி என்று இந்த ஊர் அழைக்கும் தெருநாய்.
யாரோ மாட்டிவிட்ட பள்ளிக்கூட ஸ்வெட்டர்,
நெஞ்சில் கிழிந்த முத்திரை.
நாக்கை நீட்டியபடி நேரே பச்சைக்கு.

கூலண்ட் நாய்க்கு இனிக்கும்.
சில மடக்கு போதும்.
சிறுநீரில் அதன் படிகத்தை
லென்ஸுக்கடியில் ஒரு தரம் பார்த்திருக்கிறேன்,
குட்டிக் குட்டித் தபால் உறைகள் மாதிரி, அத்தனை நேர்த்தி.
நாயினுடையது அல்ல அது.
அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

ஸ்பேனரை வீசினேன், அவள் நகரவில்லை.
அப்படியே கட்டித் தூக்கினேன்.
என் கைப் பச்சை அவள் ஸ்வெட்டரில் ஏற,
நக்குமுன் அதையும் உருவவேண்டியதாயிற்று.
மிஸஸ் பல்லா நைட்டியோடு இறங்கிவந்து இரண்டு வாளி,
நான் மூன்று,
பிறகு மண், அள்ளியெறிந்து மறுபடி தண்ணீர்.
நிமிர்ந்தபோது பத்தரை.
வெற்றுடம்பாய் நடுங்கிய பூரி
திறந்த கதவு வழியே பின்சீட்டில் ஏறிச் சுருண்டிருந்தாள்.

அப்புறம் நடந்தது கொஞ்சம்தான்.
அம்புக்குறி பார்த்துப் புது வால்வு,
கிளாம்ப், கேபிள் கொக்கி.
ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து இஞ்சினை ஓடவிட்டேன்.
ஊற்ற ஊற்றக் குடித்தது, குழந்தை மாதிரி ஏப்பம் விட்டது.
மேல்குழாய் சுட்டது. கீழ்க்குழாய் சில்லென்று.
இன்னொரு ஏப்பம்.
கீழும் சுட்டது.
மரத்த விரலை நம்பாமல்
புறங்கையை வைத்துப் பார்த்தேன்.

உள்ளே உட்கார்ந்து சிவப்புக்குத் தள்ளினேன்.
முதலில் கருகிய தூசி,
பின்னால் ஒரு காய்ந்த வேப்பிலை,
எனக்கு முன் ஓட்டிய சௌத்ரியின் பீடி நாற்றம்,
அதற்கப்புறம் சூடு.
பூரி தலை தூக்கி மோந்துவிட்டு
மறுபடி மூக்கை வாலுக்குள் செருகினாள்.
கண்ணாடி மூலையிலிருந்து தெளிந்தது,
உள்ளங்கை அகலம், பிறகு ஒரு தாம்பாளம்.
தெளிந்த வட்டத்துக்கு அப்பால்
அதே வெள்ளை.

ஐந்து தண்ணீர் அலசிய ஸ்வெட்டர்
பல்லா வீட்டுக் கொடியில் சொட்டுகிறது.
இந்த வெயிலுக்கு நாளைதான் காயும்.
பெட்ரோல் முள் காலில் நிற்கிறது.
அணைக்கவில்லை.