முதலாவதா, ரெண்டாவதா

சுகவனம் சார் இந்த முறையும்
கண்ணாடிக் கூட்டோடு ஒரு ஆப்பையும் கொண்டுவந்தார்.
"இது வேற மாதிரிம்மா. விளம்பரமே கிடையாது.
நம்மளை மாதிரி ஆளுங்களுக்குன்னே பண்ணியிருக்காங்க."
நம்மை மாதிரி ஆட்கள் யார் என்று கேட்கவில்லை.
அஸ்தம்பட்டியில் மாடிப்படி ஏறி வரும் கண்ணாடிக் கடையில்
பதினேழு வருடமாக அடுத்தவர் கண்ணுக்கு
லென்ஸ் மாற்றிக்கொண்டிருப்பவள் நான்.
லிங்க் அனுப்பினார். தொட்டேன்.

பெயர் கேட்டது.
எத்தனை இடத்தில்தான் எழுதிக் கொடுப்பது இதை.
பிறந்த வருடத்துக்காக உருட்டினேன், உருட்டினேன்,
என் வருடம் வருவதற்குள் கட்டைவிரல் சலித்துப்போனது.
பிடித்தவை ஐந்தைத் தேர்ந்தெடு என்றது.
பயணம், சமையல், கிரிக்கெட், தியானம், நாய்க்குட்டிகள்...
மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஃபேனுக்கு நேரே நாற்காலியைத் திருப்பிப்போட்டுக்கொள்வது
அந்தப் பட்டியலில் இல்லை.

ஏற்கெனவே மூன்று வீடு மாறியாயிற்று.
முதல் வீட்டில்
பகோடா பாயின்ட் கம்பியைப் பிடித்தபடி
மெரூன் ஸ்வெட்டரில் ஒருத்தி இன்னும் நிற்கிறாள்.
பாஸ்வேர்டு மறந்துவிட்டது.
உள்ளே போய் அவளைக் கூட்டிவர வழியில்லை.
இரண்டாவதில் எல்லோரும் எல்லோரோடும் சண்டை.
ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.
மூன்றாவதில்,
இருபத்திரண்டு வருடம் கழித்து,
குகை ஸ்கூலில் என் பெஞ்சில் உட்கார்ந்த இன்பவல்லி கிடைத்தாள்.
எப்படி இருக்கே?
நல்லா இருக்கேன். நீ?
நல்லா இருக்கேன்.
அதோடு ஏழு வருடம்.
இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம் போல.

வெறுப்பெல்லாம் இல்லை.
சாப்பிட்டுக் கைகழுவி வந்தவரை
அடுத்த பந்திக்கும் கையைப் பிடித்து இழுத்தால்
சிரித்துக்கொண்டே வயிற்றைத் தடவிக் காட்டுவாரே,
அவ்வளவுதான்.

அன்றைக்கு அவரை நாற்காலியில் உட்காரவைத்து
ஒரு கண்ணை மூடி,
கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன்.
"ட... ப... அது மவா, ழவா?"
லென்ஸைத் திருப்பினேன். இது தெளிவா, முன்னதா?
மறுபடி திருப்பினேன்.
முதலாவதா, ரெண்டாவதா?
"ரெண்டும் ஒண்ணு மாதிரிதாம்மா இருக்கு."
சொன்னவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.
பவர் மாறலை சார், பழைய கண்ணாடியே போதும் என்றேன்.
"போதும்தான்" என்றார்,
"இருந்தாலும் புதுசா ஃப்ரேம் என்ன வந்திருக்கு, எடுங்க."
பதினோரு ஃப்ரேம் எடுத்துவைத்தேன்.
ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு
கண்ணாடியில் யாருக்கோ சிரித்துப் பார்த்தார்.

இரவு வீட்டுக்குப் போகும்போது
உன் ஆட்களைத் தேடுகிறேன் என்று அது சுற்றத் தொடங்கியது.
ஐந்து ரோடு சிக்னலில் பஸ் நின்றது,
முப்பத்திநாலு சதவீதத்தில் அதுவும் நின்றது.
அணைக்கவும் இல்லை, ஆசைப்படவும் இல்லை.
ஜங்ஷன் தாண்டியபோது முடித்துச் சொன்னது:
உனக்குத் தெரிந்தவர், ஒருவர்.

மூன்று நாளாக அங்கே இருக்கிறார்.
முதல் நாள்: "டெஸ்ட்."
மறுநாள்: "காலை வணக்கம்."
நேற்று தட்டுவடை செட் ஒன்றின் படம்,
பீட்ரூட் துருவல் கொஞ்சம் தட்டுக்கு வெளியே சிந்தி.
கீழே யாரும் எதுவும் சொல்லவில்லை.

புது பஸ் ஸ்டாண்டில் காலியாக நிற்கும் ஏற்காடு பஸ்ஸில்
முதல் ஆளாய் ஏறி, பக்கத்து சீட்டில் துண்டு போட்டு
வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்களே சிலர்.
டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார்.
கிளம்புமா என்பதே தெரியாது.
துண்டு எனக்குத்தான் என்பது மட்டும் தெரிகிறது.

தட்டுவடைக்கு ஒரு இதயத்தைத் தட்டினேன்.
ஏறி உட்கார்ந்த மாதிரிதான்.
இருபது வளைவிலும் எனக்கு வாந்தி வரும் என்பதை
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.