முழம் போய் முழம் திரும்புதல்

ரென் நகரத்திலிருந்து ஒடில் தொலைபேசியில் கேட்டாள்:
“சாகசக் கதை என்றாயே,
கதாநாயகன் எவ்வளவு தூரம் போகிறான்?”
“ஒன்றரை முழம்” என்றேன்.
“போய்?”
“பாசி தின்றுவிட்டுத் திரும்பிவிடும்.”
அவள் காபி கலக்கும் சத்தம்
நெடுநேரம் கேட்டது.

ப்ளூகெர்னோ கரையில்
கடல் நாளுக்கு இருமுறை வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போகும்.
அப்போது பாறையெங்கும் பெர்னிக்.
கவிழ்த்துவைத்த கூம்புத் தொப்பி,
உள்ளே ஒரே ஒரு கால்,
அடம்பிடிக்கும் கால்.
அதன் அடியில் கல்லில் ஒரு வடு:
ஓட்டின் விளிம்பும் பாறையும் தேய்ந்து தேய்ந்து
ஒன்றுக்கொன்று அளவெடுத்துக்கொண்ட இடம்.
தண்ணீர் ஏறியதும் புறப்படும்.
இரும்பு ஏறிய பற்களால்
பாறையை வழித்துத் தின்னும்.
நீர் வடியுமுன் வந்து
அதே வடுவில், அதே திசை பார்த்து,
பிசகாமல் உட்காரும்.
சாண் ஏறினால் முழம் சறுக்கும் உலகத்தில்
முழம் போய் முழம் திரும்பும் ஒரு பிராணி.
இதைவிடப் பெரிய வீரம் எனக்குத் தெரியாது.

ஒடிலுக்கு ஒரு வில்லன் வேண்டும்.
நண்டைக் கெட்டவனாக்கு என்றாள்.
ஒரு மாலை முழுக்க முயன்றேன்.
மூன்று பக்கம் நண்டு கொக்கரித்தது.
நான்காம் பக்கத்தில்
அதற்குப் பசி என்று தெரிந்துபோயிற்று.
பசித்தவனை வில்லனாக்கப்
பத்து வயதுப் பிள்ளைகள் விடமாட்டார்கள்.
கிழித்தேன்.

பதினொன்றாம் அத்தியாயத்தில் நன்றாக மாட்டிக்கொண்டேன்.
வழி எப்படித் தெரிகிறது?
‘அதற்கு வீடு நினைவிருக்கிறது’ என்று எழுதினேன்.
நினைவு பெரிய சொல். அடித்தேன்.
‘விட்டுப்போன கோழைத்தடத்தைத்
தொட்டுத் தொட்டு வருகிறது.’
பாதி சரி.
தடத்தைத் துடைத்துவிட்டாலும்
சில வந்துசேர்கின்றனவாம்.
அதையும் அடித்தேன்.
விடியும்போது தாளில் மிஞ்சியது ஒரே சொல்:
தெரியவில்லை.

“உச்சக்கட்டத்தில் கையை விரிக்கிறாயே”
என்று ஒடில் ஓரத்தில் சிவப்பாக எழுதினாள்.
எனக்கும் கொஞ்சம் பயம்தான்.

கைப்பிரதியோடு ஊர்ப்பள்ளிக்குப் போனேன்.
மழைக்கோட்டுகள் சொட்டும் வகுப்பறை.
வாசிக்கிறேன்;
ரிவால் என்றொருவன்
அழிரப்பரைக் கடுகு கடுகாகக் கிள்ளிக்கொண்டிருக்கிறான்.
பத்து அத்தியாயமும் கிள்ளினான்.
அந்தச் சொல் வந்ததும் நிறுத்தினான்.
“யாருக்குத் தெரியவில்லை? உங்களுக்கா, மதாம் கெர்வெல்லா?”
“யாருக்குமே, முழுசாக.”
“ஆராய்ச்சி பண்றவங்களுக்கும்?”
“அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், தெரியவில்லை என்று.”
வகுப்பு ஒரு கணம் மூச்சுவிடவில்லை.
பிறகு எனோரா எழுந்து,
அக்காவின் நகப்பூச்சு போதுமா என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை, நீர் வற்றிய நேரம்,
ஓடுகளைத் துடைத்து
ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஆரஞ்சு எண்கள்.
வடுவுக்குப் பக்கத்துப் பாறையிலும் அதே எண்.
ஊதி ஊதிக் காயவைத்தார்கள்,
சூடான சூப்பை ஊதுவதுபோல.

சனிக்கிழமை பதினொன்று வீட்டில் இருந்தன.
ஏழு இல்லை.
கல்லில் வெறும் வடு,
முட்டை வடிவில், உள்ளே ஒரு சொட்டுக் கடல்.
“என் மாமா வெண்ணெயில் பொரித்துத் தின்பார்”
என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.
பறவையாக இருக்கலாம் என்றாள் எனோரா.
அலையாகவும் இருக்கலாம்.
பொய்யாக ஒரு ஆறுதல்
என் நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கினேன். உப்புக் கரித்தது.

ரிவால் குந்தி உட்கார்ந்து
வடுவில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான்.
பொருந்தவில்லை.
நோட்டை எடுத்து எழுதினான்:
ஏழு. தெரியவில்லை.
கொஞ்சம் யோசித்து, கீழே:
நாளைக்கும் பார்க்கணும்.

“நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வற்றும்?”
இன்றைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக என்றேன்.
அது எனக்குத் தெரியும்.