எட்டாம் எண் கம்பி

யூமாவில் காலை எட்டு மணிக்கே
இரும்பில் கை வைக்க முடியாது.
கையுறையோடு இறங்குகிறேன்
இன்னும் குளமாகாத குழிக்குள்.

சுற்றிலும் கம்பிக்கூடு. கட்டியவர்களுக்குச் சுத்தமான கை.
ஆழமான மூலையில் ஒரு பல்லி
அனுமதிச் சீட்டு வாங்காமலே குடிவந்திருக்கிறது.

மேலே எலிசியோ.
கான்கிரீட் லாரி பத்தரைக்கு என்கிறார்.
நான் கேட்காமலே மறுபடியும் சொல்கிறார்.

செம்பு, எட்டாம் எண், முறுக்கில்லாத ஒற்றைக் கம்பி.
இழுத்து இழுத்துப் பார்க்கிறேன்.
நான்கு மூலையும் இறுக்கம்.
விளக்குக் கூண்டு, சரி.
பம்புக்குப் போகும் வால், நீளம் போதும்.
ஏணிக்கால் குழி இரண்டில்
ஒன்றுக்குக் கம்பி வந்து சேர்கிறது.
மற்றொன்றுக்கு
வருவதுபோல் வளைந்து மண்ணுக்குள் போய்விடுகிறது.
விரலால் தோண்டினேன்.
நான்கு அங்குலத்தில் நுனி.
எதையும் தொடாத நுனி.

“ஒரு ஏணிக்கால்தானே, மிஸ் ஹால்வர்சன்?”

ஒன்பது வயதில், ஒரு மோட்டல் குளத்தில்
ஏணியைப் பிடித்தேன்.
முழங்கைவரை எறும்பு ஓடியது.
குளிர் என்றாள் அம்மா.
ஜூலை மாதம் அது.

மின்சாரம் இருப்பதல்ல ஆபத்து,
இங்கே ஓர் அளவும் அங்கே ஓர் அளவுமாக இருப்பது.
தண்ணீர் ஓர் உயரம், ஏணி ஓர் உயரம் என்றால்
நடுவில் நீளும் ஈரக் கைதான் கம்பி.
செம்பு எதையும் தடுத்து நிறுத்துவதில்லை.
நீரையும் இரும்பையும் தரையையும்
ஒரே உயரத்தில் உட்காரவைக்கிறது, அவ்வளவுதான்.
ஏற்றத்தாழ்வு இல்லாத இடத்தில்
மின்சாரத்துக்கு வேலையில்லை.
தெருக்கம்பியில் புறாக்கள் இப்போதும்
கழுத்தைக் கோதிக்கொண்டிருக்கின்றன.

வீட்டுக்கார அம்மாள் எனக்கு மட்டும்
ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாறு கொண்டுவந்தார்.
கம்பி கட்டிய இருவரும்
வேலியோரம், ரப்பர் குழாயில் வாய் வைத்து
வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

விளிம்பிலிருந்து மூன்றடிவரை
எல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்கிறது விதி.
மூன்றடிக்கு மேல் அது பேசுவதில்லை.
டம்ளரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்
ஒரே மூச்சில் குடித்துவிட்டேன்.

சிவப்புச் சீட்டை எழுதி
வேலியில் ஒட்டினேன்.
எலிசியோ தொப்பியைக் கழற்றி, பார்த்து,
மறுபடி மாட்டிக்கொண்டார்.
இருவரில் இளையவன், பெயர் ஃபெர்மின்,
வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கினான்.
முதலில் எடுத்து வந்த பிடி மட்டமான உலோகம்,
மண்ணுக்குள் மூன்று வருடம் தாங்காது.
நான் தலையசைக்குமுன் அவனே தூக்கியெறிந்து
வெண்கலப் பிடி தேடி வண்டிக்கு ஓடினான்.

பத்து நாற்பது. தெருவில் லாரி,
அதன் வயிறு சுற்றிக்கொண்டே இருக்கிறது.
மீட்டரை வைத்தேன். முள் அசைந்தது, நின்றது.
இனி யாரும் பார்க்கப்போகாத ஒன்றின் கீழே
என் கையெழுத்து.

“கொஞ்சம் பொறுங்கள்” என்று
மறுபடியும் குழிக்குள் இறங்கினேன்.
எலிசியோ வாய்விட்டே திட்டினார்.

பல்லி லேசில் வரவில்லை.