கூட்டம், எட்டுப் பேர்

சாலிகிராமத்தில் ஒரு மாடி அறை.
செருப்பை வெளியே விட்டு எட்டுப் பேர் உள்ளே போகிறோம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கிஷோர் சொல்கிறான்:
இன்னைக்கு மூவாயிரம் பேர் வேணும்ணா.

மூவாயிரம் ஆவது எப்படி என்று எங்களுக்குத் தெரியும்.
ஒருமுறை மைக்கைப் பார்த்துக் கத்த வேண்டும்
ஒருமுறை சுவரைப் பார்த்து
ஒருமுறை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு
ஒருமுறை குந்தி உட்கார்ந்து.
கடைசியில் மஸ்தான் மட்டும் தனியாக இருமுவான்.
எந்தக் கூட்டத்திலும் ஒருவன் இருமுவான் என்பது
இருபது வருடமாக மஸ்தானின் சோறு.

கல்யாணக் கூட்டம், தேர்க் கூட்டம்,
எழவு வீடு, கிரிக்கெட், எல்லாம் போட்டிருக்கிறோம்.
இது தலைவர் படம்.
கொருக்குப்பேட்டை பாட்டில் கம்பெனி
வேலைநிறுத்தத்தை நடத்திய அமலதாசனின் வாழ்க்கை.
திரையில் அவர் லாரி மேல் ஏறுகிறார்.
காற்று அவர் சட்டைக்காகவே வீசுகிறது.
கை உயர்கிறது.
கீழே அத்தனை வாய்களும் திறக்கின்றன
சத்தமில்லாமல்,
காசிமேட்டில் கூடையில் விழுந்த மீன்கள் மாதிரி.
அந்த வாய்களுக்குள் நாங்கள் சத்தம் வைக்க வேண்டும்.

ஆபரணம் அக்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை.

என்னக்கா, தொண்டையா?

இல்லடா. அன்னிக்கு யாரும் கத்தல.

இரைச்சல் விழும் என்று ஏசியை நிறுத்தியிருந்தார்கள்.
வேர்வை அவள் மூக்குத்தி மேல் நின்றது.
பதினோரு நாள் கத்தி முடிச்சிருந்தோம்.
பன்னெண்டாம் நாள் எவளுக்கும் குரலே இல்ல.
டிபன் பாக்ஸ் மூடியால கேட்டைத் தட்டினோம்,
காலைல ஏழு மணிலேர்ந்து.
அவரு லாரி மேலல்லாம் ஏறல. அவருக்கு மூலம்.
ஓரமா நின்னு அவரும் ஒரு மூடி வச்சிருந்தாரு,
என் மூடி.
சாம்பார் ஒட்டிக்கிட்டிருந்துச்சு.

பதினாலு வருடம் பக்கத்தில் நின்று கத்திய எனக்கு
அவள் அங்கே வேலை பார்த்தது தெரியாது.
முழங்கைத் தழும்பைக்
குக்கர் ஆவி என்று சொல்லியிருந்தாள்.

கிஷோர் நல்ல பையன்.
புரியுதுக்கா, ஆனா லிப் ஓடுதே என்றான்.
மூவாயிரம் லிப்.

ஓடுகிற உதட்டை எதிர்த்து என்ன பேசுவது.
வாழ்க என்றோம். விடமாட்டோம் என்றோம்.
சுவருக்கு, துண்டுக்குள், குந்தி.
மஸ்தான் இருமினான்.

சாப்பாட்டு வேளையில் கிஷோரே வந்து
அவளிடம் மூடியைப் பற்றிக் கேட்டான்.
பையில்தான் இருந்தது. எவர்சில்வர்.
பேர் வெட்டிய இடத்தில் நசுங்கியிருந்தது.
இரும்பு ஏணியில் நாலு நிமிடம் தட்டினாள்.
தாளம் இல்லை, கோபம்கூட இல்லை.
உள்ளே யாரோ தூங்குகிறார்கள்,
எழுப்பியாக வேண்டும் என்பது போல.
அடியில போட்டு வைக்கிறேன்க்கா என்றான்.

படம் வந்தது. பெரம்பூரில் பார்த்தேன்.
லாரி, கை, காற்று.
எல்லாவற்றுக்கும் மேலே வயலின்கள்,
வயலின்களுக்குக் கீழே நாங்கள்,
எங்களுக்குக் கீழே
ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.
ஓரிடத்தில் டங் என்றது.
பின்வரிசையில் யாரோ பாட்டிலை உருட்டியிருக்கலாம்.
எழுத்து ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
நாய்க்குப் பயிற்சி கொடுத்தவர் பெயர் இருந்தது.

அந்த நாள் கூலி ஐந்து மாதமாக வரவில்லை.
அடுத்த வாரம் என்று மேனேஜர் போனில் சிரிப்பார்.
ஒரு செவ்வாய்க்கிழமை
வடபழனியில் கம்பெனி மாடிப்படியில் உட்கார்ந்து
ஆபரணம் அக்கா பையைத் திறந்தாள்.

முதலில் அவள் மட்டும்தான்.
பிறகு நான் பைக் சாவியால் கைப்பிடிக் கம்பியை.
பிறகு டீக்கடையில் கேட்டு வாங்கிய கரண்டி,
யாருடையதோ வளையல், குடைக்காம்பு.
யாரும் சுவரைப் பார்க்கவில்லை.
எட்டுப் பேர் சத்தம்
எட்டுப் பேர் சத்தமாகவே இருந்தது.

மேலே கதவு திறந்தது.
எத்தனை பேருய்யா கீழே என்று
ஒரு குரல் கேட்டது.
யாரும் பதில் சொல்லவில்லை.
மஸ்தானுக்கு
நிஜமாகவே இருமல் வந்தது.